அம்மா, அப்பாவுக்கு இம்ப்ளான்ட் பல்... ஃபிக்ஸடா, கழற்றி மாட்டுவதா? எப்படி முடிவெடுப்பது?

தீபாவளிக்கு வீடே முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் அதை காபியில் ஊறவைத்துச் சாப்பிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? செல்ஃபி எடுக்கும்போது அப்பா மட்டும் வாயை இறுக்கமாக மூடிக்கொள்கிறாரா? கேட்டால், ‘பல் செட் ஆடுதுப்பா, விடு’ என்று முடித்துவிடுவார்கள்.

நீங்கள் விடாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறீர்கள். இம்ப்ளான்ட் வைக்கலாம் என்கிறார் டாக்டர். அடுத்த கேள்வி, ‘ஃபிக்ஸடா, கழற்றி மாட்டுறதா?’ பணம் கட்டப்போகும் நாம் பாசத்தில் உடனே சொல்லிவிடுவோம், ‘நல்லதா ஃபிக்ஸடே போட்டுருங்க டாக்டர்!’

ஒரு நிமிஷம் பொறுங்கள். ஃபிக்ஸட் என்றால் உசத்தி, கழற்றி மாட்டுவது மட்டம் என்று எதுவும் இல்லை. யாருடைய வாய், எவ்வளவு எலும்பு, தினமும் யார் சுத்தம் செய்யப்போகிறார்கள்... இவைதான் முடிவு செய்யும்.

பழைய செட் ஏன் ஆடுகிறது?

பல் போன இடத்தில் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் முதலில் கச்சிதமாக இருந்த செட் சில வருடங்களில் லூஸாகிவிடும். மேல் செட்டாவது அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. நாக்கு அசையும்போதெல்லாம் அதுவும் அசையும்.

இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் பொருத்தப்படும் டைட்டானியம் திருகு. டைட்டானியத்தோடு எலும்பு இறுக ஒட்டிக்கொள்ளும் என்று கண்டறிந்த சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரானெமார்க், 1965-ல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தினார். இம்ப்ளான்ட் எலும்போடு முழுமையாகச் சேர, பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். ‘ஒரே நாளில் பல்’ விளம்பரங்களில் அன்றைக்கே மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஃபிக்ஸட்: ஒரு தாடைக்கு வழக்கமாக 4 முதல் 6 இம்ப்ளான்ட்கள். அதன்மேல் பல் வரிசையைத் திருகி விடுவார்கள். டாக்டரால் மட்டுமே கழற்ற முடியும். சொந்தப் பல்லுக்கு நெருக்கமான உணர்வு இருக்கும்; மெல்லும் பலமும் நன்றாக இருக்கும்.

கழற்றி மாட்டுவது: கீழ்த்தாடைக்கு 2 இம்ப்ளான்ட்களே போதுமானதாக இருக்கலாம். மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் அங்கே பொதுவாக 4 வேண்டும். சட்டை பிரஸ் பட்டன் மாதிரி செட் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும், இரவில் கழற்றலாம். மேல் செட்டில் அண்ணத்தை மூடும் பகுதியைப் பலருக்குக் குறைத்துவிட முடியும். ரசத்தின் சூடும் ருசியும் மறுபடி தெரியும்.

‘கழற்றுறதுன்னா அதுவும் பழைய செட் மாதிரிதானே?’ இல்லை. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இனி சாதாரண செட் அல்ல, 2 இம்ப்ளான்ட் வைத்த செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

உதட்டையும் பாருங்கள்

எலும்பு நிறைய கரைந்தவர்களுக்கு உதடும் கன்னமும் உள்ளே ஒடுங்கியிருக்கும். கழற்றி மாட்டும் செட்டின் பிங்க் நிற ஈறுப் பகுதி அந்த இடத்தை நிரப்பி, முகத்துக்குப் பழைய வடிவத்தைக் கொடுக்கும். இவர்களுக்கு ஃபிக்ஸட் போட்டால் பல் அழகாக இருந்தும் உதடு ஒடுங்கியே தெரியலாம். அடியில் உள்ள இடைவெளியில் காற்று போய், சில எழுத்துகள் சரியாக வராமலும் போகலாம்.

கையையும் பாருங்கள்!

பலரும் மறப்பது இதைத்தான். ஃபிக்ஸட் பல்லுக்கு அடியில் உணவு சேரும். சின்ன பிரஷ், ஃப்ளாஸ், வாட்டர் ஃப்ளாஸர் என்று தினமும் பொறுமையாகச் சுத்தம் செய்யாவிட்டால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, இம்ப்ளான்ட்டே விழுந்துவிடலாம்.

60 வயதில் அப்பா இதைச் செய்துவிடுவார். 78 வயதில் கை நடுங்கும்போது? பக்கவாதமோ பார்க்கின்சன்ஸோ வந்தால்? கழற்றக்கூடிய செட் என்றால் வேறொருவர் கையில் வாங்கிக் கழுவிக் கொடுத்துவிடலாம். அதேசமயம், கழற்றி மாட்டவும் விரலில் கொஞ்சம் பலம் வேண்டும். அதனால் டாக்டர் முன்னாலேயே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றும் செட்டை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். வெந்நீர் வேண்டாம், வடிவம் மாறிவிடும்.

செலவு ஒருமுறையோடு முடியாது

இம்ப்ளான்ட் எண்ணிக்கை கூடக்கூட செலவும் கூடும்; ஃபிக்ஸடுக்கு அதிகம் ஆவது அதனால்தான். கழற்றும் செட்டில் ஆரம்பச் செலவு குறைவு. ஆனால், ‘பட்டன்’ உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேயும். அவ்வப்போது மாற்ற வேண்டும். எது போட்டாலும் ரெகுலர் செக்கப் கட்டாயம்.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்கான சில மாத்திரை, ஊசிகள், தலை - கழுத்துப் பகுதியில் எடுத்த ரேடியேஷன்... இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

* சிபிசிடி ஸ்கேனில் எலும்பு எவ்வளவு இருக்கு?
* சொன்ன தொகையில் ஸ்கேன், தற்காலிகப் பல், நிரந்தரப் பல் எல்லாம் அடங்குமா?
* ஒரு இம்ப்ளான்ட் ஃபெயிலானா என்ன செய்வீங்க?
* இப்ப ஃபிக்ஸட் வெச்சா, வயசான பிறகு கழற்றுற மாதிரி மாத்த முடியுமா?
* எந்த கம்பெனி இம்ப்ளான்ட்? விவரத்தை எழுதித் தருவீங்களா? (பின்னாளில் வேறு டாக்டரிடம் போனால் தேவைப்படும்.)

கடைசியாக ஒரு கேள்வியை அம்மாவிடமே கேளுங்கள். ‘ராத்திரி பல்லைக் கழற்றி வைக்கிறது உனக்குக் கஷ்டமா இருக்குமாம்மா?’ சிலருக்கு அது பெரிய சங்கடம். சிலருக்கோ வாய்க்குக் கிடைத்த ஓய்வு. பில் கட்டுவது நீங்களாக இருக்கலாம். தினமும் அந்தப் பல்லோடு வாழப்போவது அவர்தான்.