கதவில்லாத சயாத்

தின்கன்ஜூனிலிருந்து ஷ்வேடகோன் பகோடா பக்கம் போகும்போதெல்லாம் அதோனிராம் ஜட்சன் ஞாபகம்தான் வருது. அமெரிக்க மிஷனரி, ரங்கூனுக்கு வந்தது 1813ல். பர்மிய மொழியோடு வருஷக்கணக்கா மல்லுக்கட்டிட்டு, 1819 ஏப்ரலில் பகோடா சாலையோரம் ஒரு சயாத் திறந்தார். சயாத்னா நம்ம ஊர் சாவடி மாதிரி. வழிப்போக்கர் இளைப்பாற பௌத்தர்கள் புண்ணியத்துக்குக் கட்டி வைப்பது.

அந்நியரை உபசரிக்கச் சொல்லி பவுல் எழுதியிருக்கார். இங்கே அந்நியரே ஜட்சன்தான், உபசரிக்கும் முறையைக்கூட இந்த ஊரிடம் கடன் வாங்கியிருக்கார் :-)

முன்பக்கம் கதவே கிடையாது. யாரும் ஏறி உட்கார்ந்து பேசலாம். ஜூன் 27ல் மௌங் நௌ முதல் ஞானஸ்நானம் பெற்றார். ஆனா மதம் மாறினா அரச தண்டனை வருமோங்கிற பயம். திறந்த சாவடியில் உட்கார்ந்தவரை ஊரே பார்க்குமே! நவம்பரில் அடுத்த ரெண்டு பேர், பொழுது சாயும் நேரத்தில், கூட்டமில்லாமல் ஞானஸ்நானம் கேட்டாங்க. ஜட்சன் அதுக்கும் சரின்னுட்டார்.