கல்லிலிருந்து வந்த உப்பு

சுவீடனின் உட்டோ தீவில் வெட்டியெடுத்த ஒரு கனிமத்தை 1817-ல் ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் யோஹன் ஆகஸ்ட் அர்ஃப்வெட்சனுக்குக் கணக்கு இடித்தது. கல்லின் எடையில் ஒரு பங்கு, தெரிந்த எந்தப் பொருளிலும் அடங்கவில்லை. அது ஒரு புதிய தனிமம். கிரேக்கத்தில் கல்லைக் குறிக்கும் சொல்லையொட்டி அதற்கு லித்தியம் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் உப்புகள் யூரிக் அமிலத்தைக் கரைக்கும் என்று தெரிந்ததும் கீல்வாதக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். லித்தியம் கலந்த ஊற்றுநீர் புட்டியில் விற்றது. 1929-ல் அமெரிக்காவில் அறிமுகமான செவன் அப் பானத்தில்கூட லித்தியம் இருந்தது. எதற்கு, எவ்வளவு என்று கேட்பாரில்லை.

மனநோயின் வாசலுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்துவிட்டு, மெல்பர்னின் பண்டூரா மனநல மருத்துவமனையில் வேலைக்கு வந்தவர். புழக்கத்தில் இல்லாத ஒரு சமையலறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். மிகையெழுச்சி (மேனியா) நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பது அவர் எண்ணம். அதைத் தேடும் சோதனையில், சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காகத்தான் லித்தியத்தை எடுத்தார். ஊசி போட்ட கினிப்பன்றிகள் சாந்தமாகிவிட்டன. அவர் எண்ணம் பிழை. அந்தச் சாந்தமும் நஞ்சேறிய மந்தமாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

முதலாமவருக்கு வயது 51. ஐந்து ஆண்டுகளாக ஓயாத ஆர்ப்பரிப்பு. வார்டில் எல்லோருக்கும் தொல்லை. 1948 மார்ச் 29-ல் லித்தியம் தொடங்கியது. ஜூலையில் வீடு திரும்பி, பழைய வேலையிலேயே சேர்ந்தார்! இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவோர் உண்டு. ஆனால் அவர் மாத்திரையை விட்டார், நோய் திரும்பியது; மறுபடி மருத்துவமனை, மறுபடி லித்தியம். 1950-ல் லித்தியத்தின் நஞ்சாலேயே இறந்தார். அவரை மீட்டதும் கொன்றதும் ஒரே உப்பு. மருந்தே போதும் என்பவரும் மருந்தே வேண்டாம் என்பவரும் இந்த மனிதரின் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

கேட் தன் முடிவுகளை வெளியிட்ட 1949-லேயே, அமெரிக்காவில் இதய நோயாளிகள் சாதாரண உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சாப்பிட்டுச் சிலர் இறந்தார்கள். பெயர் கெட்டது. மெல்பர்னில் எட்வர்ட் டிராட்னர் போன்றோர் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக் கொடுக்கும் வழியைக் காட்டியதால்தான் அது பிழைத்தது. யாரும் காப்புரிமை கோர முடியாத மலிவான உப்பு. அதற்காக மெனக்கெட எந்த நிறுவனமும் வரவில்லை.

டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷூ வந்தார். அவருடைய தம்பிக்கே மனநோய். யாருக்கு லித்தியம், யாருக்குப் போலி மாத்திரை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்து 1954-ல் சோதனை முடிவை வெளியிட்டார். பிறகு அவரும் சக மருத்துவர் பாஸ்ட்ரப்பும், நோய் திரும்பாமல் தடுக்கவும் லித்தியம் உதவும் என்றபோது, லண்டனிலிருந்து மனநல மருத்துவர்கள் பிளாக்வெல்லும் ஷெப்பர்டும் 1968-ல் அதைக் கட்டுக்கதையா என்று கேட்டுக் கடுமையாக எழுதினார்கள். ஷூவுக்கு வலித்திருக்கும். ஆனால் அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் சொல்லத்தான் 1970-ன் ஆய்வு பிறந்தது: ரகசியமாகப் போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பியது, லித்தியத்தில் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. அந்த ஆண்டே அமெரிக்காவும் அனுமதித்தது.

இருமுனைக் கோளாறுக்காக இன்று நம் ஊர் மருந்துக்கடையிலும் அது கிடைக்கிறது. "நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு மாத்திரை?" "கிட்னி போயிடுமாமே?" என்று வீட்டார் கேட்பதை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. கை நடுங்கும், தாகம் எடுக்கும், தைராய்டு குறையலாம், நெடுங்காலத்தில் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கேட்பது நியாயம். கேட்காமல் சட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து. நோய் வேகமாகத் திரும்பிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். லித்தியம் எடுப்பவர் பிரஷருக்காக உப்பைத் திடீரென்று குறைத்தாலும், கத்திரி வெயிலில் வியர்த்து வற்றினாலும், வயிற்றுப்போக்கில் கிடந்தாலும், சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். சில வலி மாத்திரைகளும் அப்படித்தான். நல்ல அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறியது: ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை பரவாயில்லை, 1.5-ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். அதனால் அளவைப் பார்க்க, இரவு ஒன்பதுக்கு மாத்திரை போட்டவர், காலை மாத்திரையைத் தொடாமல், பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுக்கவேண்டும். சீட்டில் எழுதித் தராவிட்டால், அந்தப் பரிசோதனை எப்போது என்று நாமே மருத்துவரிடம் கேட்கலாம்.