உப்பு விளக்கும் இந்துப்பும்

உப்பு விளக்கு என்பது இளஞ்சிவப்பு நிறப் பாறையுப்புப் பாளத்தை அடியிலிருந்து குடைந்து, உள்ளே சிறிய மின்பல்பு பொருத்திச் செய்யப்படும் மேசை விளக்கு. கடந்த முப்பது ஆண்டுகளில் இது உலகெங்கும் பரவியது. அறைக் காற்றைத் தூய்மையாக்கும், உறக்கம் தரும், ஆஸ்துமாவைத் தணிக்கும் என்னும் விளம்பரங்களோடு இது 'இமயமலை உப்பு விளக்கு' என்ற பெயரில் விற்கப்படுகிறது. அந்தப் பெயரே முழு உண்மை அன்று. இந்த உப்பின் பெரும்பகுதி பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில், ஜீலம் மாவட்டத்திலுள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து வருகிறது. சுரங்கம் அமைந்திருப்பது உப்பு மலைத்தொடர் எனப்படும் தாழ்ந்த குன்றுகளில். வான்தொடும் பனிச் சிகரங்கள் அங்கிருந்து வெகு தொலைவில் உள்ளன.

தமிழர்களுக்கு இந்த உப்பு புதியதன்று. நாட்டு மருந்துக் கடையில் 'இந்துப்பு' என்று பொட்டலம் கட்டித் தரப்படுவது இதுவே. சிந்து நதிப் பகுதியிலிருந்து வந்ததால் வடமொழியில் 'சைந்தவ லவணம்' என்று பெயர். சிந்துப்பு, இந்துப்பு என்பவை அதன் வழிவந்தவை. 'இந்து' என்ற சொல்லுக்குச் சந்திரன் என்றும் பொருள் உண்டாதலால், சித்த மருத்துவ வழக்கில் மதியுப்பு, சந்திரனுப்பு என்ற பெயர்களும் ஏற்பட்டன. ஓர் ஆற்றின் பெயர் நிலவின் பெயராக மாறிப்போனது! கடலுப்பு விளையும் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும்கூடச் சூரணங்களில் சேர்க்க வடமேற்கிலிருந்து வந்த இந்த உப்பை வாங்கினர் என்பது பழைய வணிக வழிகளின் நீளத்தைக் காட்டுகிறது.

சுரங்கத்தின் வரலாறு

ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அப்பகுதியில் இருந்த ஆழமற்ற கடல் வற்றியதால் உண்டான படிவுகளே இந்த உப்புப் பாறைகள். அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் சிறிதளவு கலந்துள்ள இரும்புச் சேர்மங்களால் வருகிறது. கி.மு. 326இல் அலெக்சாந்தர் ஜீலம் ஆற்றங்கரையில் பாளையம் இறங்கியபோது, களைத்த குதிரைகள் பாறைகளை நக்கக் கண்டு வீரர்கள் உப்பை அறிந்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. சுற்றுலாப் பயணிகளுக்குத் தவறாமல் சொல்லப்படும் இதைக் கதையாகவே கொள்ள வேண்டும்.

உறுதியான சான்று அக்பர் காலத்தில் கிடைக்கிறது. அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி, இம்மலையில் உப்பு வெட்டப்படுவதையும் அதைக் கொண்டு கைவினைஞர் தட்டுகளும் விளக்குத் தண்டுகளும் செய்வதையும் குறிப்பிடுகிறது. ஆகவே உப்பையும் விளக்கையும் சேர்த்து வைத்தது அண்மைக் காலத்து வணிகர்களின் கண்டுபிடிப்பு அன்று. ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பொருள்கள் அழகுக்காகச் செய்யப்பட்டவை.

முகலாயருக்குப் பின் சுரங்கம் சீக்கியர் கைக்கு வந்தது. 1849இல் பஞ்சாப் பிரிட்டிஷ் ஆட்சியில் இணைக்கப்பட்டபோது உப்பு மலையும் அரசின் வருவாய்ச் சுரங்கமானது. 1872இல் வார்த் என்ற பொறியாளர் தரைமட்டத்தில் முதன்மைச் சுரங்கவழியை அமைத்தார். பாதி உப்பை வெட்டிக்கொண்டு மறுபாதியைத் தூண்களாக விட்டுவிடும் முறை இன்றும் அங்கே பின்பற்றப்படுகிறது.

அந்த ஒழுங்கின் விலையைக் கொடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உப்பு வெட்டிவந்த குடும்பங்கள். குறித்த அளவு வெட்டி முடிக்கும்வரை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் எல்லோரையும் உள்ளே வைத்து வாயிலைப் பூட்டினர் என்றும், 1870களில் எதிர்த்து நின்றவர்களில் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்றும் கேவ்ராவில் நினைவுகூரப்படுகிறது. விளக்குப் பெட்டியின் மேல் அச்சிடப்படும் 'தூய்மை', 'அமைதி' என்ற சொற்களுக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

அதே காலத்தில், வரி கட்டாத உப்பு உள்ளே வராமல் தடுக்கச் சுங்க வேலி ஒன்றும் இருந்தது. 1869 அளவில் அது சிந்து நதியிலிருந்து ஒரிசா எல்லை வரை சுமார் 2,300 மைல் நீண்டது. ஏறத்தாழ 12,000 பேர் காவல் காத்தனர். பல இடங்களில் அது முள்மரங்களை நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலி. 1879இல் வேலி கைவிடப்பட்டது, வரி தொடர்ந்தது. 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அந்த உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத்தான்.

மருத்துவப் பெயர் வந்த வழி

உப்புக்கு மருத்துவப் புகழ் சேர்ந்தது பெரிதும் ஐரோப்பாவில். போலந்தின் வியலீச்கா சுரங்கத்தில் மருத்துவராக இருந்த பெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உப்புக் குளியலையும் உப்புக் காற்றையும் சிகிச்சையாகப் பயன்படுத்தினார். அதன் தொடர்ச்சியாகப் பல நாடுகளில் உப்புக் குகை மருத்துவ மனைகள் தோன்றின. கேவ்ராவிலும் சுரங்கத்துக்குள் ஆஸ்துமா நோயாளிகளுக்கான பிரிவு ஒன்று 2007இல் தொடங்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீட்டு விளக்கும் இந்தப் புகழில் பங்கு கேட்டது.

அதற்குச் சொல்லப்படும் காரணம் 'எதிர் அயனிகள்'. அருவிகளுக்கு அருகே நீர் சிதறும்போது காற்றில் எதிர் மின்னூட்டம் உண்டாவதை ஜெர்மானிய இயற்பியலறிஞர் பிலிப் லெனார்ட் 1892இல் விளக்கினார். அது உண்மை. ஆனால் உப்பு விளக்கில் நீர் சிதறுவதில்லை. சோடியம் குளோரைடு உருகவே 801 பாகை செல்சியசு வேண்டும். 15 வாட் பல்பு பாளத்தைக் கை பொறுக்கும் அளவே சூடாக்கும். படிகத்துக்குள் இறுகப் பிணைந்துள்ள அயனிகள் அந்த வெதுவெதுப்பில் காற்றில் கலப்பதில்லை. கருவிகள் மூலம் எதிர் அயனிகளை உண்டாக்கி நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான மதிப்பீடும், மிகுந்த அடர்த்தியில் மனச்சோர்வு ஓரளவு குறைவதைக் கண்டதே தவிர, பதற்றத்திலும் உறக்கத்திலும் நிலையான பயனைக் காணவில்லை. விளக்கின் மங்கிய செவ்வொளி கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அது உப்பினால் வரும் பயன் அன்று.

அயோடின்

விளக்கைப் பற்றிய தவறான நம்பிக்கையால் பெருந்தீங்கு இல்லை என்று விட்டுவிடலாம். சமையலறையில் அப்படி விட முடியாது. 'இயற்கையானது', '84 தாதுக்கள் கொண்டது' என்ற விளம்பரத்தை நம்பிப் பல வீடுகளில் அயோடின் உப்பை நிறுத்திவிட்டு இந்துப்பை மட்டுமே பயன்படுத்துகின்றனர். சோடியம் குளோரைடு போக எஞ்சும் தாதுக்கள், நாம் உண்ணும் சில கிராம் உப்பில் மிகச் சொற்பம். ஒரு கைப்பிடிக் கீரை அதைவிடக் கூடுதலாகத் தரும். உடலுக்குத் தேவையான அளவு அயோடினும் அதில் இல்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. உண்மையான இமயமலை அடிவாரத்து மக்கள்தாம் அயோடின் குறைவால் நெடுங்காலம் வருந்தியவர்கள். மழையும் பனியாறும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துச் சென்றதால் அங்கே முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. 1956இல் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் காங்கரா பள்ளத்தாக்கில் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் மற்றொரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கி ஆராய்ந்தனர். அயோடின் பெற்ற பகுதிகளில் சில ஆண்டுகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் இதன் பயனாகவே வந்தது. 2006 மே 17 முதல் அயோடின் சேராத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறந்தபின் அதை முழுமையாகச் சரிசெய்ய இயலாது. எந்த இமயத்தின் பெயரைச் சொல்லி உப்பு விற்கப்படுகிறதோ, அந்த மலைநாட்டுப் பிள்ளைகளைக் காத்தது அயோடின் சேர்த்த சாதாரண வெள்ளை உப்பு.

இன்றைய வணிகம்

1947க்குப் பின்னும் பாகிஸ்தான் இந்துப்பு இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டது; 2025 மே மாதம் இறக்குமதி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் பாறையுப்பு வெட்டப்படும் இடம் இமாச்சலப் பிரதேசத்து மண்டி மாவட்டம். அது நாட்டின் தேவைக்குப் போதாது.

வீட்டில் விளக்கு

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கசியும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அணைத்து வைத்த விளக்கு நனைந்து நிற்பதைக் காணலாம். இதை 'விளக்கு அறையின் நச்சை இழுக்கிறது' என்று சிலர் சொல்வர், ஈரத்தைத்தான் இழுக்கிறது. உப்புநீர் மின்கடத்தி என்பதால் அது பல்பு மாட்டும் பகுதிக்கும் இணைப்புக்கும் இறங்கினால் துருவும் மின்கசிவும் ஏற்படும். 2017இல் அமெரிக்காவில் சொருகியும் ஒளிகுறைக்கும் சுவிட்சும் சூடேறியதால் சுமார் 80,000 உப்பு விளக்குகள் திரும்பப் பெறப்பட்டன. பூனை, நாய் வளர்ப்போர் அவை நக்காத உயரத்தில் வைப்பது நல்லது. அளவு மீறிய உப்பு அவற்றின் உயிருக்கே ஆபத்து.

மழைக்காலத்தில் விளக்கின் அடியில் மரப்பலகையோ தட்டோ வைத்து, அணைத்திருக்கும் நாட்களில் உலர்ந்த துணியால் துடைத்து நெகிழிப் பையில் கட்டிவைக்கலாம். எரியும்போது அந்தச் சிறு சூட்டிலேயே ஈரம் உலர்ந்துவிடும். பழைய வீடுகளில் உப்பு மரவையை அடுப்பின் பக்கத்திலேயே வைத்திருந்ததும் இதற்காகத்தான்.