கேரள நோவுதணிப்புப் பராமரிப்பு

தீராத நோயாளிகளை வீட்டிலேயே பேணுவதற்குக் கேரளத்தில் உருவான சமூகச் சேவை. 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் உள்ளிட்டோர் இதை வலிநீக்கச் சிகிச்சையாகத் தொடங்கினர். படுக்கையில் கிடப்பவருக்கு மார்ஃபின் என்னும் வலிநீக்கி மாத்திரை மட்டும் போதாது. வீட்டில் அரிசி வேண்டும், பிள்ளைகளின் படிப்பு நிற்கக் கூடாது, பேச ஆள் வேண்டும். இவற்றை மருத்துவமனையால் தர இயலாது என்பதால், பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் பொறுப்பேற்றனர். ஊராரே நிதி திரட்டினர். இந்த ஊர்ப் பங்கேற்பே இச்சேவையின் தலையாய சிறப்பு. மலப்புறம் மாவட்டத்தில் இம்முறை ஆழ வேரூன்றியது. 2008-இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகள் செவிலியரை அமர்த்தி வீட்டுக்கே அனுப்புகின்றன.