செந்நாய் யாருக்குச் சொந்தம்?

ஒரு திருத்தம்.

குன்னூரில் நான் பாடம் நடத்தும்போது எஸ்டேட் லைனிலிருந்து வந்த ஒருவன், "டீச்சர், மசினகுடிக் காட்டு செந்நாய் நம்ம நாய்க்குச் சொந்தமா?" என்று கேட்டான். "காட்டில் திரியும் நாய்தான், உட்கார்" என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

நாய்க்கு 42 பற்கள், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் குறைவு. 1838-இல் ஹாட்ஜ்சன் அதற்குக் 'குவான்' என்று தனிப் பேரினமே வைத்தார். 1945-இல் அமெரிக்க அறிஞர் சிம்ப்சன், கறியை வெட்டும் பல்லின் வடிவத்தைப் பார்த்து, செந்நாயை ஆப்பிரிக்கக் காட்டுநாயோடும், எப்போதோ அழிந்துபோன சிமோசியான் என்ற விலங்கோடும் ஒரே கிளையில் சேர்த்தார். அவ்வளவு பெரியவரும் சறுக்கினார் (எனக்கு ஒரு ஆறுதல்!). மாட்ரிட் அருகே கிடைத்த சிமோசியான் எலும்புகளில், சிவப்புப் பாண்டாவுக்கு இருப்பதைப் போன்ற போலிக் கட்டைவிரல் இருந்ததை 2006-இல் விவரித்தார்கள். பார்க்க நாய் மாதிரி. உறவோ டார்ஜிலிங் பக்கத்துப் பாண்டாவுக்கு. பல் ஒத்துப்போனது கறி தின்னும் பழக்கத்தால்தான்.

செந்நாய் உண்மையாகவே நாய்க் குடும்பம்தான் என்று மரபணு காட்டுகிறது. ஆனால் நம் நாய் ஓநாயிலிருந்து வந்தது; செந்நாய் அதற்கு முன்பே தனியாகப் பிரிந்த பங்காளி.

கேட்டவன் இப்போது கோவையில் லாரி ஓட்டுகிறானாம். யாராவது அவனிடம் இதைக் காட்டுங்கள்.