மென் ரோபோக்களை நரம்பணு வலை கொண்டு இயக்குதல்

மென் ரோபோ என்பது சிலிக்கோன், ரப்பர், துணி போன்ற நெகிழும் பொருள்களால் ஆன இயந்திரம். இதன் கைக்கு மூட்டோ பல்சக்கரமோ கிடையாது. உள்ளறைகளில் காற்றை ஏற்றியோ, உடலுக்குள் ஓடும் இழைகளை மோட்டாரால் இழுத்தோ அதை வளைக்கிறார்கள். எந்த அறைக்கு எவ்வளவு காற்று, எந்த இழைக்கு எவ்வளவு இழுப்பு, எந்தக் கணத்தில் என்ற முடிவைத் தரவிலிருந்து கற்கும் செயற்கை நரம்பணு வலையிடம் விடுவது இத்துறையின் முக்கிய வழிகளுள் ஒன்று. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுப்பாட்டு முறை இதன் தொடக்ககால எடுத்துக்காட்டு. 'ஆக்ட்ஆர்ம்' என்ற காற்றழுத்தக் கைக்காக அமைந்த அம்முறையில் வழக்கமான பின்னூட்டக் கட்டுப்பாடு இருந்தது. கணக்கில் வராத விசைகளை ஓட்டத்திலேயே கற்று ஈடுசெய்யும் வேலை மட்டும் வலைக்கு.

தொழிற்சாலை ரோபோவின் கையில் பெரும்பாலும் ஆறு மூட்டுகள் இருக்கும். ஆறு கோணங்களை அளந்துவிட்டால் விரல்நுனி எங்கே என்பதை முக்கோணவியல் சொல்லிவிடும். மென்கை ஒவ்வொரு புள்ளியிலும் வளையக்கூடியது என்பதால் அதன் சுதந்திர இயக்கக்கூறுகள் எண்ணிக்கையில் அடங்காதவை. கையின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு வட்டவில்லாகக் கொள்வது பழகிய எளிமையாக்கம். சுமையில்லாத கைக்கு அது பொருந்தும். நுனியில் சிறு எடையைத் தொங்கவிட்டாலே வில் வில்லாக இருப்பதில்லை. உடலைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கும் வரம்புறு கூறு முறை இன்னும் துல்லியமானது, ஆனால் கணினிக்குச் சுமை அதிகம்.

வடிவத்தைவிடப் பெரிய தொல்லை பொருளின் குணத்தில் இருக்கிறது. புது பலூனை முதல் தடவை ஊத மூச்சு முட்டும். அதையே காற்றை விட்டுவிட்டு மறுபடி ஊதினால் எளிதாக விரியும். முதல் இழுப்பில் ரப்பர் தளர்ந்துவிடும் இவ்வியல்புக்கு முல்லின்ஸ் விளைவு என்று பெயர். இதோடு தயக்கமும் சேர்கிறது: காந்தப் பொருளைப் போலவே ரப்பரும் ஏறிய வழியில் இறங்குவதில்லை. ஒரே அழுத்தத்தை, ஒரு முறை கீழிருந்து ஏற்றியும் மறுமுறை மேலிருந்து இறக்கியும் கொடுத்தால் கை இரு வேறு நிலைகளில் நிற்கும். ஆகவே இப்போதைய அழுத்தத்தை மட்டும் அறிந்தால் போதாது, கை எந்த வழியாக அங்கே வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

வலை கற்க வேண்டியவற்றுள் எளியது நேர்மாறு சார்பு: நுனி இங்கே வர வேண்டுமென்றால் என்ன அழுத்தம் கொடுப்பது? கையைப் பல அழுத்தங்களில் நிறுத்தி, நுனியின் இடத்தை அளந்து, அத்தரவைத் தலைகீழாக வலைக்கு ஊட்டலாம். இத்தாலியின் பீசா நகரிலுள்ள சான்ட் ஆன்னா உயர்கல்விப் பள்ளி, ஆக்டோபஸ் கையை ஒத்த இழை இழுப்புக் கைகளை இவ்வாறு இயக்கிக் காட்டியது. கையின் விறைப்பு, உராய்வு முதலியவற்றை எவரும் அளந்து தரத் தேவையில்லை என்பது இதன் வசதி.

இதில் ஒரு பொறி உண்டு. ஒரே இடத்தை எட்டக் கைக்குப் பல வளைவுகள் இருக்கும். இடப்பக்கம் வளைந்து எட்டிய மாதிரியும் வலப்பக்கம் வளைந்து எட்டிய மாதிரியும் தரவில் இருந்தால், வலை இரண்டின் சராசரியைக் கற்கும். சராசரி வளைவோ அந்த இடத்துக்கே போகாது. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் மத்தியாஸ் ரோல்ஃபும் யோகன் ஸ்டைலும் 2014-இல் வெளியிட்ட தீர்வு கைக்குழந்தையைப் பார்த்து எழுந்தது. குழந்தை எல்லாத் தசைகளையும் வரிசையாக அசைத்துப் பார்த்து முடித்த பிறகு பொம்மையை எட்டுவதில்லை. எட்ட முயன்று, தவறி, தவறியதிலிருந்தே கற்கிறது. ஃபெஸ்டோ நிறுவனம் யானைத் துதிக்கையை ஒப்ப வடித்த காற்றுக்கை அவ்வாறே இலக்குகளை நோக்கித் துழாவிக் கற்றது. ஓர் இடத்துக்கு ஒரு நல்ல வழி கிடைத்தால் போதும், எல்லா வழிகளையும் தேட வேண்டியதில்லை. அங்கே கற்றது பல அடுக்குகள் கொண்ட ஆழ்வலை அல்ல, சிறுசிறு நேரியல் படிமங்களின் தொகுப்பு என்பதையும் சொல்ல வேண்டும். வலையின் அளவைவிடத் தரவைத் திரட்டிய முறைக்கே அதில் பங்கு அதிகம்.

வேகமாக அசையும் கைக்கு நேர்மாறு சார்பு போதாது. முன்சொன்ன தயக்கமும் கையின் ஊசலும் கடந்த நிலைகளைச் சார்ந்தவை. தன் முந்தைய வெளியீட்டையே மறுபடி உள்வாங்கும் மீள்சுழல் வலைகள் இங்கே பொருந்துகின்றன, ஏனெனில் ரப்பருக்கு நினைவு இருப்பதுபோல அவற்றுக்கும் இருக்கிறது. தாமஸ் ஜார்ஜ் துருத்தேல், சிசிலியா லாஸ்கி முதலிய ஆய்வாளர்கள் 2019-இல் விளக்கிய முறையில், முதலில் மீள்சுழல் வலை கையின் இயக்கத்தை முன்னறியக் கற்கிறது. பிறகு அந்த வலையே கைக்குப் பதிலாளாக நின்று, முயன்று பலனைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வலுவூட்டல் கற்றலால் கட்டுப்படுத்தியைப் பயிற்றுகிறது. உண்மைக் கையை ஆயிரக்கணக்கான தடவை அசைத்துக் கிழிக்க வேண்டாம் என்பது சிறு ஆதாயமல்ல.

தன் உடல் எங்கே இருக்கிறது என்று அறிவதும் மென்கைக்குக் கடினமே. இழுபடும் உணரிகளின் அளவீடு நேரப்போக்கில் நகர்ந்துவிடும். அதே 2019-இல் துருத்தேல், லாஸ்கி குழுவினரும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தாரும் மென்விரலுக்குள் உணரிகளைப் பதித்து, கேமராக்கள் தந்த இடவிவரத்தைக் கொண்டு மீள்சுழல் வலையைப் பயிற்றினர். பயிற்சி முடிந்ததும் கேமராக்கள் இல்லாமலேயே விரலின் நிலையையும் நுனியில் படும் விசையையும் வலை கணித்தது.

இம்முறைகளின் குறைகள் வெளிப்படையானவை. ஒரு கைக்குக் கற்ற வலை, அதே அச்சில் வார்த்த இன்னொரு கைக்கு அப்படியே பொருந்தாது. ரப்பர் மூப்படைந்தால் மறுபடி பயிற்ற வேண்டும். பயிற்சியில் காணாத நிலையில் கை நிலைகுலையாது என்று கணித வழியில் உறுதி கூறுவதும் எளிதல்ல. மனித உடலுக்குள் செல்லும் கருவிகளுக்கு இது பெருந்தடை. இயற்பியல் படிமத்தை அடித்தளமாக வைத்து, அதன் பிழையை மட்டும் வலைக்குக் கற்பிக்கும் கலப்பு முறைகள் இதனாலேயே விரும்பப்படுகின்றன.

ஜப்பானிய ஆய்வாளர் கோஹெய் நகாஜிமாவும் அவருடன் உழைத்தவர்களும் கேள்வியையே திருப்பிப் போட்டனர்: வலையின் வேலையை உடலே செய்யுமா? நீரில் தொங்கும் சிலிக்கோன் ஆக்டோபஸ் கை ஒன்றின் அடியை மோட்டாரால் அசைத்தனர். கை நெளியும் விதத்தைப் பதிக்கப்பட்ட வளைவுணரிகள் அளந்தன. அவ்வளவீடுகளை எடையிட்டுக் கூட்டும் ஒரே ஓர் அடுக்கு மட்டும் பயிற்றப்பட்டது. வலையின் மற்றப் பகுதி செய்ய வேண்டிய கணக்கை நெளியும் உடலே செய்தது. ஆக்டோபஸின் நரம்பணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதன் கைகளில் இருப்பது இங்கே நினைவுக்கு வரும், ஆனால் இந்தச் சிலிக்கோன் கையில் நரம்பணு ஒன்றுகூட இல்லை. அதன் நினைவு குறுகியது: நெளிவு அடங்கியதும் அதுவும் அழிந்துவிடும்.