பழைய விமானத்தின் நரம்புகள்

பற்றரி போட்டு வானொலி கேட்ட காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாதையில் ஒரு பழைய பெற்றோல் லொறி முக்கி முனகி ஏறி வரும். லயத்து வாசலில் பாடிக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டி அப்போது 'டர்ர்ர்' என்று கரகரக்கத் தொடங்கும். லொறி வளைவில் மறைந்த பின்னர்தான் பாட்டு மீண்டும் தெளியும். டீசல் லொறிகள் வந்ததும் அந்தத் தொல்லை போயிற்று. டீசல் இயந்திரத்திற்குத் தீப்பொறி தேவையில்லை. கரகரப்பை உண்டாக்கியது அந்தப் பொறிதான்.

ஒவ்வொரு மின்பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். இது உவமை அல்ல, நேயர்களே. 1901 இல் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அனுப்பிய சமிக்ஞையும் பொறியிலிருந்து பிறந்ததே. வானொலியைப் பெற்றெடுத்த அதே பொறி பின்னாளில் வானொலிக்கு எதிரியாயிற்று. இந்தப் பகை மிகக் கடுமையாக வெளிப்பட்ட இடம் விமானம்.

1920களின் பிற்பகுதியில் விமானங்களில் வானொலிக் கருவியைப் பொருத்த முனைந்தவர்களுக்குக் காதில் விழுந்ததெல்லாம் இயந்திரத்தின் இரைச்சலே. டக்கோட்டா விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். ஆக 56 பொறிகள், ஒரு நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை. இத்தனைக்கும் நடுவே தரையிலிருந்து வரும் மெல்லிய குரலை விமானி கேட்க வேண்டும். இதற்குக் கண்ட வழிதான் கவசம். பிளக்குக்குப் போகும் ஒவ்வொரு வயரையும் உலோகப் பின்னலாலோ குழாயாலோ மூடி, அந்த உறையை விமானத்தின் உடலோடு இணைத்துவிட்டார்கள். இரைச்சல் உறைக்குள்ளேயே அடங்கியது. ஆனால் கவசம் இலவசமாகக் கிடைக்கவில்லை. வயரும் உறையும் சேர்ந்து மின்னைக் கொஞ்சம் தேக்கிவைத்து ஒரே வீச்சில் விடுவதால் பிளக்கின் முனைகள் விரைவில் தேய்ந்தன. உயரே காற்று மெலிந்த இடத்தில் மின் வழிதவறிப் பாய்வதும் உண்டு.

இந்த அடக்கத்தின் பயனை நம் நாடும் அனுபவித்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏயார் சிலோனின் முதலாவது பயணச் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 'சீதாதேவி' என்று பெயர் சூட்டிய டக்கோட்டா அது. டிசம்பர் என்றால் வடகீழ்ப் பருவமழைக் காலம். முகில் மூடிய பாக்கு நீரிணைக்கு மேலே பறப்பவனுக்குக் காதில் அணிந்த கருவியே கண். அது கரகரத்தால் அவன் குருடன்.

அப்படிப்பட்ட ஒரு விமானத்தைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பறக்கவைக்க முனைந்து பலகைகளைக் கழற்றினால் முதலில் தென்படுவது வயர்களின் பரிதாப நிலை. போர்க்காலத்து வயரில் செம்புக் கம்பியின் மேல் றப்பர் உறை இருக்கும். அதன்மேல் மெருகூட்டிய பருத்திப் பின்னல். பின்னல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வளைத்துப் பார்த்தால் உள்ளே றப்பர் காய்ந்த அப்பளம்போல நொறுங்கும்.

இந்த றப்பர் எங்கள் மலைநாட்டுக்கு அந்நியப்பட்ட பொருளல்ல. 1942 இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போனபின் நேசநாடுகளுக்கு இயற்கை றப்பர் கொடுக்கும் முதன்மை நாடாக இலங்கை ஆகிவிட்டது. மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று அளவுக்கு மீறிப் பால் வெட்டப்பட்டது. மாத்தளை மாவட்டத்தின் தாழ்ந்த சரிவுகளிலும் றப்பர் உண்டு. போர் விமானங்களைப் பற்றி எழுதுவோர் விமானியிலிருந்து தொடங்குகிறார்கள். விடியுமுன் கத்தியோடு மரத்தடிக்குப் போனவர்களிலிருந்து தொடங்கினாலும் தவறில்லை.

சரி, நொறுங்கிய வயரை என்ன செய்வது? பழமையைக் காப்பவர்கள் மூலப்பொருளைத் தொடாதே என்பர். நூதனசாலையில் நிற்கப்போகும் விமானமாயின் அது சரி. அதன் வயர்களை அப்படியே விடுவதுதான் வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை. பறக்கப்போகும் விமானத்தில் அந்த மரியாதை கொலைக்குச் சமம். அதில் வயர்களை ஒன்றுவிடாமல் உருவி, வெப்பம் தாங்கும் இக்காலத்து உறையுள்ள வயர்களைப் போடுவதே முறை. என் சார்பு இந்தப் பக்கம்தான்.

2018 ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து கட்டம் கட்டமாக இந்தியாவுக்குப் பறந்து வந்த 'பரசுராமா' டக்கோட்டாவை உதாரணமாகச் சொல்லலாம். ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கி, சீர்செய்வித்து, டக்கோட்டா விமானியாயிருந்த தம் தந்தையை முன்னிட்டு இந்திய விமானப்படைக்கு அளித்தார். 1947 அக்டோபர் 27 அன்று சிறீநகரில் முதலில் இறங்கிய டக்கோட்டாவின் விபி 905 என்ற இலக்கம் அதன் வாலில் தீட்டப்பட்டிருக்கிறது. உடல் போர்க்காலத்தது; ஆனால் இன்றைய வான்வெளியில் இன்றைய வானொலி இன்றி எந்த விமானமும் நாடு கடந்து வர முடியாது.

வயரை எந்த வழியாக இழுப்பது என்பதிலும் ஒரு சாத்திரம் இருக்கிறது. எரிபொருள் குழாயின் கீழே வயர் போகக்கூடாது. ஒழுகும் துளி அதன்மேல் விழும். மேலே, தள்ளிப் போகவேண்டும். தகரத்தில் உராயாதபடி றப்பர் வைத்த பிடிகளில் இறுக்கவேண்டும். திசைகாட்டிக்கு அருகே நேர்மின்னோட்டம் செல்லும் ஒற்றை வயர் போனால் ஊசி பொய் சொல்லும். போகும் வயரையும் திரும்பும் வயரையும் முறுக்கிவிட்டால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரைச்சலை வெளியிடும் பிளக் வயரின் கவசத்தை இரு முனையிலும் உடலோடு இணைப்பர். இரைச்சலுக்கு அஞ்சும் ஒலிவாங்கி வயரின் கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைப்பதே வழக்கம்; இரு முனையிலும் இணைத்தால் கவசத்தின் வழியே மின் ஓடிப் புதிய முனகலைக் கிளப்பிவிடும்.

எல்லாவற்றிலும் அச்சம் தருவது ஒரு சின்ன வயர். பொறியைப் பிறப்பிக்கும் மக்னீற்றோவிலிருந்து விமானியின் ஸ்விட்சுக்குப் போவது அது. வீட்டு ஸ்விட்சுக்கு நேர்மாறான வேலை இதற்கு. அணைத்தால் சுற்று இணைகிறது. மக்னீற்றோவின் மின் விமான உடலுக்குப் போய் இயந்திரம் நிற்கிறது. அந்த வயர் எங்காவது அறுந்திருந்தால் ஸ்விட்ச் 'அணைந்தது' என்று காட்டும், மக்னீற்றோ விழித்திருக்கும். டைகர் மொத் போன்ற சிறு விமானங்களில் மின்கலமே இராது. விசிறியைக் கையால் சுற்றித்தான் இயந்திரத்தைக் கிளப்புவார்கள். ஸ்விட்ச் அணைந்திருப்பதாக நம்பி விசிறியில் கைவைப்பவனின் உயிர் அந்த ஒரு வயரில் தொங்குகிறது.

அதனால் பழைய விமானங்களை ஓட்டுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. இறங்கி நின்றபின், இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில், ஸ்விட்சை ஒரு கணம் அணைத்துப் பார்ப்பார்கள். இயந்திரம் தடுமாறவேண்டும். தடுமாறாவிட்டால் எரிபொருளை மூடி அதை நிறுத்திவிட்டு, அறுந்த வயரைத் தேடப் போவார்கள். அது கிடைத்துச் சரியாகும் வரை விசிறியின் கிட்டே ஒருவரையும் விடமாட்டார்கள்.